சிதைவு என்னும் வாய்பாடு: ஃபிரான்சனின் ‘தி கரெக்‌ஷன்ஸ்’ புதினமும் தமிழ் ஒப்பாய்வும்

மேலைப் புதினம் ஒன்றைத் தமிழ்ப் பின்னணியில் வைத்து ஆராயும் கட்டுரைகளில், குடும்பம் என்னும் தலைப்பு வந்தவுடன் ஒரு வாய்பாடு தானாகவே இயங்கத் தொடங்குகிறது. தனிமனித உரிமையை முதன்மையாகக் கொண்ட மேலைக் குடும்பம் சிதைகிறது. கடமையையும் பாசத்தையும் முதன்மையாகக் கொண்ட கீழைக் குடும்பம் நிலைக்கிறது என்பதே அவ்வாய்பாடு. ஆசிரியர் பெயர் மாறும். ஊர்ப் பெயர் மாறும். மேற்கோள்களின் பக்க எண்கள் மாறும். முடிவு மட்டும் மாறுவதில்லை. படிக்கத் தொடங்கும் முன்பே முடிவு எழுதப்பட்டுவிட்ட ஆய்வுக்குப் பனுவல் ஒரு சாக்கு மட்டுமே. இக்கட்டுரை அவ்வாய்பாட்டை மறுக்கிறது. மறுப்புக்குக் களமாக எடுத்துக்கொள்ளப்படுவது அவ்வாய்பாட்டிற்கு மிக எளிதில் இரையாகக்கூடிய புதினமாகிய, ஜோனதன் ஃபிரான்சன் 2001இல் வெளியிட்ட ‘தி கரெக்‌ஷன்ஸ்’ ஆகும்.

அவ்வாண்டின் அமெரிக்கத் தேசியப் புத்தக விருதைப் பெற்ற இப்புதினத்தின் கதை, சுருக்கிச் சொன்னால் வாய்பாட்டிற்கெனவே எழுதப்பட்டதுபோல் தோன்றும். ஆல்ஃபிரட் லாம்பர்ட் என்பவர் அமெரிக்க நடுமேற்கில் செயின்ட் ஜூட் என்னும் கற்பனை நகரில் வாழ்பவர். இருப்புப்பாதை நிறுவனம் ஒன்றில் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவர். பார்க்கின்சன் நோயும் அதனோடு வந்த அறிவுத் தேய்வும் அவரைக் கொஞ்சம் கொஞ்சமாக அழித்து வருகின்றன. மனைவி ஈனிட் அவரோடு ஓயாமல் முரண்படுபவர். மூத்த மகன் கேரி ஃபிலடெல்ஃபியாவில் வங்கி அதிகாரி. மனைவி மக்களிடம் தோற்றுக்கொண்டே இருப்பவன். இளைய மகன் சிப், மாணவி ஒருத்தியோடு கொண்ட உறவால் கல்லூரி ஆசிரியப் பணியை இழந்தவன். கடைக்குட்டி டெனிஸ் பெயர்பெற்ற சமையல் வல்லுநர்; மணமுறிவு பெற்றவள்; உணவக முதலாளியோடும் அவர் மனைவியோடும் உறவு கொண்டு வேலையை இழப்பவள். பிள்ளைகள் மூவரும் கடைசியாக ஒரே ஒருமுறை கிறிஸ்துமசுக்குச் செயின்ட் ஜூட் வீட்டில் கூடவேண்டும் என்பது ஈனிட்டின் வேண்டுகோள். அவர்கள் கூடுகிறார்கள். கேரி தன் மனைவி மக்களை அழைத்து வரவில்லை. சிப் உரிய நாளில் வந்து சேரவில்லை. கிறிஸ்துமஸ் நாள் காலையில்தான் வருகிறான். ஐவரும் ஒரே கூரையின்கீழ் இருக்கும் நேரம் மிகச் சிறிது. பின்னர் ஆல்ஃபிரட் முதியோர் பராமரிப்பு இல்லத்தில் சேர்க்கப்பட்டு அங்கேயே இறக்கிறார்.

இவ்வளவும் கிடைத்தபின் வாய்பாட்டாளருக்கு வேறென்ன வேண்டும்? மணமுறிவு இருக்கிறது, முறைபிறழ்ந்த உறவு இருக்கிறது, முதியோர் இல்லம் இருக்கிறது. கூட்டுக் குடும்பத்தின் மாண்பைப் பற்றி ஒரு பத்தி சேர்த்தால் கருத்தரங்கக் கட்டுரை முடிந்துவிடும். எனினும் இக்கதைச் சுருக்கம் புதினம் அன்று. அறுநூறு பக்கங்களுக்குச் சற்றுக் குறைவாக நீளும் ஒரு பனுவலில் நிகழ்வது என்ன என்பதை வாய்பாடு காணவிடுவதில்லை. அது காணவிடாதவற்றுள் முதன்மையானது ஒரு தந்தையின் மௌனம்.

கணக்கில் வராத கொடை

ஆல்ஃபிரட் பணியிலிருந்து முன்கூட்டியே விலகியவர். இன்னும் சிறிது காலம் பொறுத்திருந்தால் கூடுதல் ஓய்வூதியம் கிடைத்திருக்கும். ஏன் பொறுக்கவில்லை என்பது ஈனிட்டுக்குத் தெரியாது. பிடிவாதம், சோம்பல், மனைவியின் நலனில் அக்கறையின்மை எனப் பல காரணங்களை அவரே கற்பித்துக்கொண்டு, ஆண்டுக்கணக்கில் அக்குறையைப் பேசித் தீர்க்கிறார். பிள்ளைகளும் தந்தையின் விளங்காத வீம்புகளுள் ஒன்றாகவே அதை வைத்திருக்கிறார்கள்.

புதினத்தின் பிற்பகுதியில்தான் காரணம் வெளிப்படுகிறது. கல்லூரியில் சேருமுன் ஒரு கோடையில் டெனிஸ் தந்தையின் அலுவலகத்தில் வேலை பார்க்கிறாள். அங்கே வரைபடப் பிரிவில் பணியாற்றும், தன்னைவிட வயதில் மிக மூத்த, மணமான ஒருவனோடு உறவு கொள்கிறாள். அதை வீட்டில் எவரும் அறியார் என்றே எண்ணி வளர்ந்துவிடுகிறாள். ஆண்டுகள் கழித்து, நிறுவனம் கைமாறி ஆட்குறைப்பு நிகழும்போது, அம்மனிதன் அவ்வுறவைப் பகடையாக வைத்து ஆல்ஃபிரடிடம் தன் வேலையைக் காத்துக்கொள்ள முயல்கிறான். ஆல்ஃபிரட் பேரம் பேசவில்லை, மகளிடம் கேட்கவில்லை, மனைவியிடம் சொல்லவில்லை. பணியிலிருந்து விலகிவிடுகிறார். வீட்டின் நிலவறையில் தந்தையின் வேலைமேசைக்கு அடியில் அம்மனிதன் பொறித்துவிட்டுப் போன குறியைப் பார்த்தபின்தான், தந்தைக்கு எல்லாம் தெரிந்திருந்தது என்பதை டெனிஸ் உணர்கிறாள். அப்போது தந்தையின் நினைவு அநேகமாகக் கரைந்துவிட்டது. நன்றி சொல்வதற்கும் மன்னிப்புக் கேட்பதற்கும் எதிரில் ஆளில்லை.

புதினத்தின் அச்சாணி இந்நிகழ்ச்சியே. தனிமனித நலத்தால் சிதையும் குடும்பம் என்பார், தன் நலத்தை முற்றும் துறந்த இத்தந்தையை எங்கே வைப்பர்? அன்பின்மையால் சிதையும் குடும்பம் என்பார், இக்கொடையை எப்பெயரால் அழைப்பர்? இங்கே குறைவது அன்பு அன்று. அன்பு தன்னை வெளிப்படுத்திக்கொள்ளும் மொழிதான் இல்லை. ஆல்ஃபிரட் அறிந்த ஒரே மொழி கடமை. அம்மொழியில் அவர் எழுதியதைப் படிக்கக் குடும்பத்தில் எவரும் பழகவில்லை.

தமிழாய்வாளருக்கு இது புதிய செய்தியாக இருத்தல் கூடாது. பொன்முடியார் பாடலாக வழங்கும் புறநானூற்று 312ஆம் பாட்டு தாய்க்கும் தந்தைக்கும் கொல்லனுக்கும் வேந்தனுக்கும் மகனுக்கும் உரிய பொறுப்புகளை வரிசைப்படுத்துகிறது. அவ்வரிசை முழுவதிலும் அன்பு என்னும் சொல் இடம்பெறவில்லை. கடன் என்னும் சொல்லே திரும்பத் திரும்ப வருகிறது. அதனைக் கொண்டு சங்ககாலத் தாய்க்கு அன்பில்லை என்று எவரும் எழுதுவதில்லை. கடன் என்னும் சொல்லின் உள்ளேயே அன்பு அடங்கியிருப்பதாகச் சரியாகவே உரைகாண்கின்றனர். அந்த உரைகாணும் பெருந்தன்மை செயின்ட் ஜூட் நகரத்துப் பொறியாளர் ஒருவருக்கு மட்டும் ஏன் மறுக்கப்படவேண்டும்?

ஆல்ஃபிரட் நல்ல தந்தை என்று நிறுவுவது இங்கு நோக்கமன்று. புதினம் அவரைப் புனிதராக்கவில்லை. சிப் சிறுவனாக இருந்தபோது நடந்த ஓர் இரவுணவைக் கதை மிக நீளமாக விவரிக்கிறது. பல நாள் பணிப்பயணம் முடித்து வீடு திரும்பும் கணவர்மேல் உள்ள சினத்தை ஈனிட் உணவில் காட்டுகிறார்; கல்லீரலும் கிழங்கு மசியலும் தட்டில் விழுகின்றன. சிறுவனால் உண்ண முடியவில்லை. உண்டு முடிக்கும்வரை எழக்கூடாது என்பது தந்தையின் ஆணை. இரவு நெடுநேரம் அவன் அம்மேசையிலேயே கிடக்கிறான். கணவன் மனைவிக்கிடையே நடக்கும் போரில் தட்டு ஒரு கருவியாகவும் குழந்தை களமாகவும் ஆகிவிடும் இக்காட்சியைத் தமிழ் வீடுகளில் வளர்ந்த எவரும் அயல்நாட்டுக் காட்சியாகக் கொள்ளமாட்டார். மகனை மேசையில் இருத்தி வதைத்தவரும் மகளுக்காக ஓய்வூதியத்தை இழந்தவரும் ஒருவரே. இரண்டையும் ஒருசேரப் பிடித்துக்கொண்டு படிப்பதுதான் கடினம். வாய்பாடு இரண்டில் ஒன்றைக் கைவிடச் சொல்கிறது.

இருப்புப்பாதையும் பங்குச் சந்தையும்

சிதைவுக்குக் காரணம் பண்பாடு என்பது வாய்பாட்டின் இரண்டாம் கூறு. பனுவலோ வேறு காரணங்களைப் பெயர் சுட்டிச் சொல்கிறது.

ஆல்ஃபிரட் தம் வாழ்நாளைக் கொடுத்த மிட்லண்ட் பசிபிக் நிறுவனம் கற்பனையானது. அதற்கு நேர்வது கற்பனையன்று. அமெரிக்காவில் 1980இல் இயற்றப்பட்ட ஸ்டாகர்ஸ் இருப்புப்பாதைச் சட்டம் கட்டண நிர்ணயத்திலும் தடங்களைக் கைவிடுவதிலும் நிறுவனங்களுக்கு இருந்த கட்டுப்பாடுகளைப் பெரிதும் தளர்த்தியது. இணைப்புகள் பெருகின. செயின்ட் லூயிசைத் தலைமையிடமாகக் கொண்டிருந்த மிசௌரி பசிபிக் 1982இல் யூனியன் பசிபிக்கின் கைக்குச் சென்றது. 1995இல் பர்லிங்டன் நார்தன் சாண்டா ஃபேயோடு இணைந்தது. 1996இல் சதர்ன் பசிபிக்கும் யூனியன் பசிபிக்கில் கரைந்தது. ஃபிரான்சன் வளர்ந்த வெப்ஸ்டர் குரோவ்ஸ், செயின்ட் லூயிஸ் நகரின் புறநகர்ப் பகுதி என்பது ஈண்டு நினைக்கத்தக்கது. புதினத்தில் மிட்லண்ட் பசிபிக்கை வாங்கும் உடன்பிறந்தார் இருவர் அதன் உறுப்புகளைக் கழற்றி விற்கிறார்கள். தலைமை அலுவலகம் வேறு மாநிலத்துக்குப் போகிறது. ஊர்களை இணைத்த கிளைத் தடங்கள் பயனற்றுப் போகின்றன. பாலத்தையும் தண்டவாளத்தையும் தம் கையால் தட்டிப் பார்த்துச் சான்றளித்த ஒரு மனிதரின் உலகம் அவர் மூளைக்கு முன்பே கழற்றப்பட்டுவிட்டது. நோய் பின்னால்தான் வருகிறது.

இதே பொருளியலே பிள்ளைகளையும் சிதறடிக்கிறது. அவர்கள் பெற்றோரை வெறுத்து ஊரைவிட்டுப் போனவர்கள் அல்லர். வேலை இருக்கும் இடத்திற்குப் போனவர்கள். கிழக்குக் கடற்கரையில் பணம் இருந்தது, நடுமேற்கில் இல்லை. சிற்றூரைவிட்டுச் சென்னைக்கும் பெங்களூருக்கும் பிள்ளைகளை அனுப்பிவிட்டுப் பொங்கலுக்கு வாசலைப் பார்த்திருக்கும் பெற்றோரை இடப்பெயர்வு என்னும் தலைப்பில் ஆராய்வோர், இதை மட்டும் பண்பாட்டுச் சீரழிவு என்னும் தலைப்பில் ஆராய்வதற்குக் காரணம் கூறக் கடமைப்பட்டவர்கள்.

புதினத்தின் பெயரே இதற்குச் சான்று. ‘கரெக்‌ஷன்’ என்பதைத் ‘திருத்தம்’ என்று பெயர்த்தால் பாதிப் பொருளே வரும். மகனைத் திருத்துதல், பிழையைத் திருத்துதல் ஆகிய பொருள்கள் தமிழிலும் உண்டு. காடு திருத்திக் கழனியாக்கும் பொருளும் உண்டு. அமெரிக்கச் சொல்லுக்கோ சிறைத்துறைப் பொருள் ஒன்றும் பங்குச் சந்தைப் பொருள் ஒன்றும் கூடுதலாக உள. அளவுக்கு மீறி ஏறிய விலை இறங்கும்போது அதனை வீழ்ச்சி என்னாமல் ‘கரெக்‌ஷன்’ என்று மென்மையாகக் கூறுவது சந்தை வழக்கு. புதினத்தின் இறுதி இயல் அப்பொருளிலேயே தொடங்குகிறது. எதிர்பார்த்த பெருவெடிப்பு நிகழவில்லை, செல்வத்தின் மதிப்பு மெல்லமெல்லக் கசிந்து வெளியேறியது என்கிறது. கேரியின் வாழ்க்கை முழுவதும் தந்தையின் வாழ்க்கைக்கு எழுதப்பட்ட திருத்தம். தந்தை செய்யாததை எல்லாம் செய்து, செய்ததை எல்லாம் தவிர்த்து வாழ முயலும் அவன், கடைசியில் தந்தையின் அதே சோர்வு தன்னுள் ஊறுவதைக் கண்டு அஞ்சுகிறான். ஆல்ஃபிரட் நிலவறை ஆய்வகத்தில் கண்டுபிடித்துக் காப்புரிமை பெற்ற ஒரு செயல்முறையை ஐயாயிரம் டாலருக்குக் கேட்கும் மருந்து நிறுவனம், மூளையையே திருத்தப்போவதாக விளம்பரம் செய்கிறது. அம்மருத்துவத்தின் பெயரிலேயே ‘எல்லாவற்றையும் திருத்து’ என்னும் ஒலி ஒளிந்திருக்கிறது. தந்தை கொடுத்த சொல்லைக் காக்கும் பொருட்டு அத்தொகையை ஏற்க நினைக்கிறார். மகன் அதே நிறுவனத்தின் பங்குகளை வாங்கி இலாபம் காண அலைகிறான். ஒரே கண்டுபிடிப்பைத் தந்தை அறமாகவும் மகன் வாய்ப்பாகவும் பார்க்கிறார்கள். நோயுற்ற ஆல்ஃபிரடின் மூளைக்கு அம்மருத்துவம் வந்து சேர்வதே இல்லை.

கிறிஸ்துமஸ் நாள்களிலும் இக்கணக்கு ஓய்வதில்லை. தந்தை நின்று குளிக்க முடியாத நிலையில், குளியலறையில் இருக்கை ஒன்றை மரையாணி கொண்டு பொருத்தித் தரும் கேரி, அவ்வாணிகளின் விலையைத் தாயிடம் கேட்டு வாங்குகிறான். அற்பத்தனம் என்று கடந்து போய்விடலாம். ஆனால் இருக்கையைப் பொருத்தியவனும் அவனே என்பதை மறக்கலாகாது. அன்பை வெளிப்படுத்த அவனிடம் இருக்கும் மொழி பற்றுச்சீட்டு. மற்றொரு புறம் டெனிஸ், சிப் தனக்குத் தரவேண்டிய இருபதாயிரம் டாலருக்கும் மேற்பட்ட கடனைத் தள்ளிவிட முன்வருகிறாள். அவனுக்கோ அது விடுதலையாகத் தோன்றவில்லை. கடன் நீங்கினால் உறவும் நீங்கிவிடும் என்பதுபோல் தடுமாறுகிறான். தந்தை நிலவறையில் அமர்ந்து, ஒரு பகுதி மட்டும் எரியாத கிறிஸ்துமஸ் விளக்குச் சரத்தோடு போராடுகிறார். புதிய சரம் மிக மலிவு, தூக்கி எறிந்துவிடலாம். பழுது பார்க்கக்கூடிய ஒன்றைத் தூக்கி எறிவது அவரால் ஏற்க முடியாத ஒழுக்கக்கேடு. அவரது நடுங்கும் விரல்களோ பழுதுபார்க்கும் நிலையைக் கடந்துவிட்டன. அமெரிக்கப் பொருளியல் வரலாற்றின் அரை நூற்றாண்டு அந்த நிலவறையில் அந்தச் சரத்தோடு உட்கார்ந்திருக்கிறது.

‘குடும்பக் கதை’ என்னும் இழிவு

மறுப்பு இதுவரை ஒரு பக்கத்தாரை நோக்கியது. எதிர்ப்பக்கத்தார் சிலரும் உளர். குடும்பத்தைப் பற்றிய புதினம் ஆய்வுக்குரிய கனம் உடையதன்று, அது மகளிர் பொழுதுபோக்கு வாசிப்புக்கு உரியது என்பது அவர்தம் சொல்லப்படாத கொள்கை. தமிழில் ‘குடும்ப நாவல்’ என்னும் தொடர் மாத நாவல்களோடு சேர்ந்து இழிபொருள் பெற்றுவிட்டது. வியப்பு என்னவெனின், ஃபிரான்சனும் இவ்விழிவுக்கு விலக்கானவர் அல்லர்.

2001 செப்டம்பரில் ஓப்ரா வின்ஃப்ரி தம் தொலைக்காட்சி நூல் மன்றத்திற்கு இப்புதினத்தைத் தேர்ந்தெடுத்தார். பெருவாரியான பெண் வாசகரைக் கொண்ட அம்மன்றத்தின் முத்திரை அட்டையில் பதிவது குறித்து ஃபிரான்சன் நேர்காணல்களில் தயக்கம் காட்டினார். தம் நூல் உயர் இலக்கிய மரபைச் சார்ந்தது என்றும், அம்முத்திரை ஆண் வாசகரை விலக்கிவிடக் கூடும் என்றும் பொருள்படப் பேசினார். நிகழ்ச்சிக்கான அழைப்பு திரும்பப் பெறப்பட்டது. 2010இல் அவருடைய அடுத்த புதினத்தை ஓப்ரா மீண்டும் தேர்ந்தெடுத்தார்; அவ்வாண்டு இறுதியில் ஃபிரான்சன் அந்நிகழ்ச்சியில் கலந்துகொண்டார். பூசல் ஒருவாறு தீர்ந்தது. அது வெளிப்படுத்திய மனநிலை தீரவில்லை.

ஆசிரியர் கூச்சப்பட்ட பகுதியே புதினத்தின் வலுவான பகுதி. சிப் லிதுவேனியாவுக்குச் சென்று இணையதள மோசடியில் ஈடுபடும் பகுதி, உலகமயம் பற்றிய பெருங்கதையாடலாகத் திட்டமிடப்பட்டது. அது மெலிந்து கிடக்கிறது. ஈனிட்டோ ஒவ்வொரு பக்கத்திலும் உயிர் பெற்று நிற்கிறார். பொய் சொல்கிறார், நச்சரிக்கிறார், அண்டை வீட்டார் மகளின் திருமணச் செலவைக் கேட்டுப் பொறாமைப்படுகிறார், கட்டப்படாத கட்டணச் சீட்டுகளை ஒளித்துவைக்கிறார். ஆயினும் குடும்பம் என்னும் கருத்தை அந்த வீட்டில் தனியொருவராகச் சுமப்பவர் அவரே. கடைசிக் கிறிஸ்துமஸ் என்பது அவருடைய வெறும் ஆசையன்று, அவருடைய உழைப்பு. தாயின் உழைப்பைப் பாசம் என்று பெயர் மாற்றி இலவசமாக்கிவிடும் வழக்கத்தை அமெரிக்கப் புதினமும் அறியும், தமிழ்ப் புதினமும் அறியும். குடும்பக் கதையை ஒதுக்கும் திறனாய்வு இவ்வுழைப்பையும் சேர்த்தே ஒதுக்குகிறது.

ஆசிரியரின் மற்றொரு குறையையும் இங்கே சுட்டவேண்டும். தம் நாட்டுக் குடும்பத்தை வாய்பாடுகளிலிருந்து மீட்டெடுத்த ஃபிரான்சன், லிதுவேனியாவைக் கண்டவுடன் தாமே ஒரு வாய்பாட்டுக்குள் விழுந்துவிடுகிறார். அங்கே அரசு கிடையாது, ஒழுங்கு கிடையாது, கொள்ளையரும் மோசடியாளருமே உளர். நூல் வெளிவந்து மூன்றாண்டுகளில், 2004இல், அந்நாடு ஐரோப்பிய ஒன்றியத்தில் உறுப்பினராயிற்று. அயலாரின் நாட்டைச் சிதைவின் உருவகமாக்குவது எளிது என்பதற்கு அமெரிக்கப் புதின ஆசிரியரும் சான்றாகிறார். தமிழ் வாய்பாட்டாளருக்கு இதில் ஒருவகை ஆறுதல் இருக்கலாம்.

சிப் தன்னிடமிருந்த கோட்பாட்டு நூல்களை, அடோர்னோ முதலான பிராங்க்ஃபர்ட் சிந்தனையாளர்களின் நூல்கள் உட்பட, பழைய புத்தகக் கடையில் அடிமாட்டு விலைக்கு விற்று வீட்டுச் செலவையும் காதல் செலவையும் சமாளிக்கும் பகுதி தனியே படிக்கத்தக்கது. அமைப்பியலும் பின்னமைப்பியலும் பாடத்திட்டத்தில் ஏறிய காலத்தில் பணியில் சேர்ந்த தமிழ்த்துறையினர் அப்பக்கங்களைப் படித்துச் சிரிக்கக்கூடும். சற்றே கூசவும் கூடும்.

எதனோடு எதனை ஒப்பிடுவது

சிதைவு வாய்பாட்டின் அடிப்படைப் பிழை வாழ்வியல் பிழையன்று, முறையியல் பிழை. அது அமெரிக்கப் புதினத்தைத் தமிழ்ப் புதினத்தோடு ஒப்பிடுவதில்லை. அமெரிக்கப் புதினத்தைத் தமிழரின் இலட்சியத்தோடு ஒப்பிடுகிறது. ஒரு பக்கம் கதை, மறுபக்கம் அறநூல். இவ்வாறு ஒப்பிட்டால் எந்நாட்டுக் குடும்பமும் எந்நாட்டு அறநூலின் முன்னும் தோற்கும். வ.வே.சு. ஐயர் கம்பனை ஆராய்ந்தபோது ஹோமர், மில்டன் முதலியோரின் காப்பியங்களோடு ஒப்பிட்டார். க. கைலாசபதி 1968இல் வெளியான தம் ஆய்வில் சங்கப் பாடல்களைக் கிரேக்க வீரயுகப் பாடல்களோடு ஒப்பிட்டார். பாட்டுக்குப் பாட்டு, காப்பியத்துக்குக் காப்பியம். அவர்தம் முடிவுகளை மறுப்போர் உளர். அவர்தம் தராசின் இரு தட்டுகளும் ஒரே உலோகத்தால் ஆனவை என்பதை மறுப்போர் இலர்.

அம்முறையை இங்கே கைக்கொண்டால் என்ன கிடைக்கும்? தி. ஜானகிராமனின் ‘அம்மா வந்தாள்’ 1966இல் வெளிவந்தது. அதில் தண்டபாணி தம் மனைவி அலங்காரத்தின் உறவை அறிந்தும் அறியாதவர்போல் வாழ்கிறார். மகன் அப்பு வேதபாடசாலையிலிருந்து வீடு திரும்பும்போது வீடு அவனுக்கு வேறொன்றாகத் தெரிகிறது. ஆல்ஃபிரடும் தண்டபாணியும் குடும்பத்துப் பெண்ணொருத்தியின் அந்தரங்கத்தை அறிந்துகொண்டு வாய்திறவாத இருவர். ஒருவரது மௌனம் மகளைக் காக்கிறது. ஆனால் காக்கப்படுவதை மகள் அறியவில்லை. மற்றவரது மௌனம் எவரைக் காக்கிறது, எவரைத் தண்டிக்கிறது என்பதை ஜானகிராமன் தீர்த்துச் சொல்லவில்லை. தமிழ்ப் புதினத்தில் மௌனம் வீடு முழுவதும் பரவி எல்லாரும் அறிந்த இரகசியமாகிறது. அமெரிக்கப் புதினத்தில் அது ஒரே ஒருவரின் உடலுக்குள் அடைபட்டு, அவர் நினைவோடு சேர்ந்து அழியப் பார்க்கிறது. இவ்வேறுபாடு ஆராயத்தக்கது. சுந்தர ராமசாமியின் ‘குழந்தைகள் பெண்கள் ஆண்கள்’ (1998) புதினத்தில் சிறுவன் பாலு தந்தை எஸ்.ஆர்.எஸ். மீது கொள்ளும் அச்சத்தை, உணவு மேசையில் சிப் அடையும் அச்சத்தோடு பக்கத்தில் வைத்துப் படிக்கலாம். அவ்வாறு படிப்பவர் எவரும் ‘சிதையும் அவர்கள், நிலைக்கும் இவர்கள்’ என்று எழுதத் துணியார். ஏனெனில் தமிழ்ப் புதின ஆசிரியர்கள் அப்படி எழுதவில்லை. தமிழ்க் குடும்பத்தைப் பற்றித் தமிழ்ப் புதினங்கள் சொல்லும் உண்மையைத் தமிழ்த்துறை ஒப்பாய்வுகளே நம்ப மறுப்பது விந்தை.

இலட்சியத்தின் நிலைமையும் அவ்வளவு உறுதியானதன்று. இந்திய நாடாளுமன்றம் 2007இல் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டத்தை இயற்றியது. பிள்ளைகளிடமிருந்து பராமரிப்புத் தொகை கோரும் பெற்றோருக்கெனத் தீர்ப்பாயங்கள் அமைக்க அச்சட்டம் வகைசெய்தது. தம் பொறுப்பிலுள்ள மூத்தோரைக் கைவிடுவோருக்கு மூன்று மாதம் வரை சிறை, ஐயாயிரம் ரூபாய் வரை தண்டம் என்றும் விதித்தது. பாசம் தானே காக்கும் என்றால் தீர்ப்பாயம் எதற்கு? இச்சட்டம் அவமானத்திற்குரியது என்பது இங்குக் கருத்தன்று. அது தேவைப்பட்டது என்பதே கருத்து. அதனைத் தேவையாக்கிய காரணங்களை, நகரப் பெயர்வை, நீளும் ஆயுளை, ஓய்வூதியமற்ற முதுமையை, வீட்டுப் பெண்களின் தோளில் மட்டும் ஏற்றப்பட்ட பராமரிப்பை, ஆராயவேண்டிய இடத்தில் ‘மேலை நாகரிகத் தாக்கம்’ என்னும் ஒற்றைத் தொடர் வந்து அமர்ந்துகொள்கிறது. அயலாரின் புதினத்தைத் தவறாகப் படிப்பதால் அயலாருக்கு நட்டமில்லை. நட்டம் சொந்த வீட்டு முதியோருக்கு. அவர்தம் நிலை ஆய்வுக்கு வருவதில்லை; ‘நிலைக்கும் குடும்பம்’ என்னும் முடிவு அதற்கு முன்பே எழுதப்பட்டுவிட்டது.

இனி, வாய்பாட்டாளரின் கடைசி அரணாகிய முதியோர் இல்லம். ஆல்ஃபிரட் அங்கே சேர்க்கப்படுவது உண்மை. ஆயின் அதற்கு முன் நிகழ்வதை அவர்கள் கூறுவதில்லை. மூன்று பிள்ளைகளுள் பொறுப்பானவன் என்று பெயரெடுத்த கேரி கிறிஸ்துமஸ் நாளன்றே கிளம்பிவிடுகிறான். வேலையிழந்து, கடன்பட்டு, லிதுவேனியாவில் கையிலிருந்ததையும் பறிகொடுத்து, ஒரு நாள் தலைகாட்டிவிட்டுப் போவான் என்று எல்லாரும் எண்ணிய சிப் தங்கிவிடுகிறான். தந்தை மருத்துவமனையில் கிடந்த வாரங்களில் அவர் அருகில் இருப்பவன் அவனே. தன் உயிரை முடித்துத் தரும்படி தந்தை கேட்பதும் அவனிடமே. அவனால் இயலவில்லை. இயலாது என்று சொல்லவும் இயலவில்லை. உணவு மேசையில் இரவெல்லாம் உட்காரவைக்கப்பட்ட அதே மகன் அந்தக் கட்டிலருகே உட்கார்ந்திருக்கிறான். வாய்பாட்டின்படி இக்குடும்பத்தில் முதலில் உதிர்ந்திருக்கவேண்டியவன் அவன்தான்.

ஈனிட் நாள்தோறும் இல்லத்துக்குச் சென்று கணவருக்கு உணவூட்டுகிறார். உணவூட்டிக்கொண்டே, ஐம்பது ஆண்டுகளாகச் சொல்ல முடியாதவற்றையெல்லாம் சொல்கிறார்: எங்கெல்லாம் அவர் பிழை செய்தார், எங்கெல்லாம் தாம் சரியாக இருந்தார் என்று. ஆல்ஃபிரட் எல்லாவற்றையும் மறந்துவிட்டார். மறுக்க மட்டும் மறக்கவில்லை. ஒரு கட்டத்தில் அவர் வாயை மூடிக்கொள்கிறார். கரண்டி உதட்டருகே நிற்கிறது.